மூலிகைக் கஷாயமும் இதயமும்: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் எந்த மருந்துக்கடையில் நின்று பார்த்தாலும் இது தெரியும். இதய நோயாளி கொண்டுவரும் மஞ்சப்பையில் மாத்திரை அட்டைகளோடு ஒரு துண்டு பட்டையோ, பெயர் ஒட்டாத ஒரு புட்டியோ கூடவே இருக்கும். "இதையும் சேர்த்துக் குடிக்கலாமா?" என்ற கேள்வி பெரும்பாலும் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போதுதான் வரும். நான் மருந்தாளுநர். சித்த மருத்துவரும் இல்லை, இதய மருத்துவரும் இல்லை. கவுன்டரில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் மருத்துவர் வேலை.

செடியின் சாறு உண்மையிலேயே இதயத்தில் வேலை செய்யுமா, இல்லை வெறும் நம்பிக்கையா?

செய்யும். சந்தேகமே வேண்டாம். இன்றைக்கும் அரசு மருத்துவமனையில் கொடுக்கும் டிகாக்சின் மாத்திரை ஒரு செடியிலிருந்து வந்ததுதான். இங்கிலாந்தில் வில்லியம் விதரிங் என்ற மருத்துவர், உடம்பு வீங்கிய நோயாளிகளுக்கு டிஜிட்டாலிஸ் இலையைக் கொடுத்துப் பார்த்து, யாருக்குப் பலித்தது, யாருக்கு வாந்தி வந்தது என்று ஒன்றுவிடாமல் குறித்துவைத்து 1785-ல் வெளியிட்டார். அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடியிலிருந்து 1930-ல் டிகாக்சினைத் தனியாகப் பிரித்தார்கள்.

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. டிகாக்சின் அதைக் கொஞ்சம் அடக்குகிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் கூடுகிறது, தசை அழுத்தமாகச் சுருங்குகிறது. அதோடு, மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போகும் வேகமும் குறைகிறது. மருந்தின் அளவு கொஞ்சம் மிஞ்சினால், இதே வேலையே துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். பலிக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். அதனால்தான் சிலருக்கு "வாரத்தில் ஐந்து நாள் மட்டும்" என்று எழுதிக்கொடுக்கிறார்கள்.

நம் நாட்டுச் செடிகளும் உண்டு. சர்ப்பகந்தி வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய இதழில் எழுதினார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகளால் இன்று அது பின்னுக்குப் போய்விட்டது. சேலம் பக்கம் ஒப்பந்த முறையில் பயிராகும் மருந்துக் கூர்க்கன் கிழங்கிலிருந்து வருவது ஃபோர்ஸ்கோலின். அது இதயத் துடிப்பின் வலுவைக் கூட்டும், ரத்தக் குழாயையும் விரிக்கும்.

மருதம்பட்டை குடித்தால் பம்பிங் கூடுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். எக்கோ ரிப்போர்ட்டில் "பம்பிங் 35 சதவீதம்" (ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) என்று பார்த்தவுடன் யாராவது ஒருவர் மருதம்பட்டை என்று சொல்லிவிடுவார்.

மருதம் ஆற்றங்கரை மரம். மதுரையில் வைகைத் துறைக்கே திருமருத முன்துறை என்று பழைய பெயர். நம் கடற்கரை மணலில் அது கிடையாது. இங்கே கிடைப்பதெல்லாம் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. நல்ல பட்டை வெளியே வழவழப்பாகச் சாம்பல் பூத்திருக்கும், உள்பக்கம் செம்மண் நிறம். கொதிக்க வைத்தால் தண்ணீர் கடுந்தேநீர் மாதிரி சிவக்கும், வாயில் வைத்தால் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. பொடியாக வாங்கினால் இந்த அடையாளம் எதுவும் தெரியாது. வாங்குவதென்றால் பட்டையாகவே வாங்குங்கள்.

சரி, பலன்? 1995-ல் வந்த ஒரு ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு மசியாத இதயச் செயலிழப்பு உள்ள 12 பேருக்கு மருதம்பட்டைச் சாறு கொடுத்து முன்னேற்றம் கண்டார்கள். வீட்டுக்கு வீடு பேசப்படுவது இந்த மாதிரிச் செய்திதான். ஆனால் 12 பேர் என்பது மிகக் குறைவு. பின்னர் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சுமார் நூறு இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் பட்டையின் நீர்ச்சாற்றை 12 வாரம் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். யாருக்குச் சாறு, யாருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. முடிவில், பம்பிங் அளவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை.

கவனியுங்கள்: அந்த நூறு பேரும் தங்கள் வழக்கமான மாத்திரைகளைத் தின்றுகொண்டேதான் இதில் இருந்தார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு மருதம்பட்டையை மட்டும் நம்பலாம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. என் கருத்தைக் கேட்டால், மருதம்பட்டை மோசமான சரக்கு இல்லை. அதன் பேரைச் சொல்லி மாத்திரையை நிறுத்துவதுதான் ஆளைச் சாய்க்கிறது. பம்பிங் குறைந்தவருக்கு மாத்திரை நின்றால், சில வாரங்களில் மூச்சிரைப்போடு மருத்துவமனைக் கட்டிலில்தான் போய் முடியும்.

"ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்கள்" என்று வாட்ஸப்பில் வருகிறதே?

எதில் நிரூபித்தார்கள் என்று முதலில் பாருங்கள். பார்மசி கல்லூரிகளில் நெடுங்காலம் செய்துவந்த சோதனை தவளை இதயம். இதயத்தை எடுத்து, உப்புக் கரைசல் ஓடவிட்டு, செடிச் சாற்றைச் சொட்டு சொட்டாகக் கலந்து, துடிப்பு கூடுகிறதா குறைகிறதா என்று வரைந்து பார்ப்பார்கள். அந்தக் கரைசலுக்குப் பெயரே ரிங்கர் கரைசல். 1880-களில் லண்டனில் சிட்னி ரிங்கர், குழாய்த்தண்ணீரில் செய்த கரைசலில் துடித்த தவளை இதயம் வடித்த நீரில் செய்த கரைசலில் சோர்ந்து நிற்பதைப் பார்த்துத்தான் கால்சியத்தின் வேலையைக் கண்டுபிடித்தார்.

இந்தச் சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. எந்த இலையை அரைத்தாலும் அதில் பொட்டாசியம் ஏராளம். பொட்டாசியம் தனியாகவே துடிப்பைத் தாழ்த்தும். ஆகவே "சாறு கலந்ததும் இதயம் மெதுவாகத் துடித்தது" என்றால், அது மூலிகையின் தனிக் குணமா, வெறும் பொட்டாசியமா என்று பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். மாணவர்களின் புராஜெக்ட்டுகளில் பல இதைச் செய்வதில்லை.

அடுத்தது எலி. நம் நாட்டு ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வருவது இது: எலிக்குச் சில வாரம் சாறு கொடுத்துவிட்டு, பிறகு ஐசோபுரோட்டெரினால் ஊசி போட்டு இதயத்தைக் கெடுப்பார்கள். சாறு குடித்த எலிக்குச் சேதம் குறைவு என்று வரும். இருக்கட்டும். ஆனால் அங்கே சாறு முன்னால், சேதம் பின்னால். நம்மிடம் வருகிறவருக்கு அட்டாக் ஏற்கெனவே வந்துவிட்டது. எலியின் கேள்வி வேறு, அவருடைய கேள்வி வேறு.

அப்புறம், எந்தச் சாறு என்பதும் முக்கியம். ஆல்கஹாலில் எடுத்த சாற்றில் வரும் பொருள்கள் தண்ணீரில் கொதிக்க வைத்தால் வராமல் போகலாம். கட்டுரையில் ஒன்று, உங்கள் அடுப்பில் வேறொன்று.

மாத்திரையோடு சேர்த்துக் கஷாயம் குடிக்கலாமா?

எந்த மாத்திரை, எந்தக் கஷாயம் என்று தெரியாமல் சொல்ல முடியாது. ஆனால் பிரச்னை பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வரும்: ரத்தத்தில் பொட்டாசியம். அது குறைந்தாலும் துடிப்பு கெடும், கூடினாலும் கெடும்.

குறைக்கிறவை: அதிமதுரமும் நிலாவாரையும். தொண்டைக்கட்டுக்கு அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வது நம் வீடுகளில் சாதாரணம். ஒருநாள், இரண்டு நாள் என்றால் பரவாயில்லை. தினமும் வாரக்கணக்கில் போனால், அதிலுள்ள கிளிசிரைசின் உடம்பில் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். பிரஷர் ஏறும், கால் வீங்கும். நிலாவாரை நம் தென்மாவட்டக் கரிசலிலும் செம்மண்ணிலும் விளைந்து கப்பலேறும் சரக்கு. மலச்சிக்கலுக்குத் தினமும் அந்தச் சூரணத்தைச் சாப்பிட்டு வயிறு இளகிக்கொண்டே இருந்தால், பொட்டாசியமும் கூடவே போகும். இந்த இரண்டில் ஒன்றைத் தினமும் எடுப்பவர்கள் டிகாக்சினும், சிறுநீர் பிரிய வைக்கும் ஃபுரோசிமைடும் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. பொட்டாசியம் குறைந்த உடம்பில், சரியான அளவு டிகாக்சினே விஷமாகும். சாப்பாடு பிடிக்காமல் போவது, குமட்டல், பார்வையில் மஞ்சள் தட்டுவது, துடிப்பு விட்டுவிட்டு அடிப்பது எல்லாம் அதன் அடையாளம். "பித்தம்" என்று சொல்லி இன்னொரு கஷாயம் போட்டுக் குடிக்கும் கட்டமும் இதுதான்.

கூட்டுகிறவை: இளநீர், கீரைச் சாறு, மூக்கிரட்டை. ராமிப்ரில், எனாலாப்ரில், டெல்மிசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுகிறவர்களுக்கு மருந்தாலேயே பொட்டாசியம் கொஞ்சம் ஏறும். சிறுநீரகமும் பழுதாக இருந்தால் இன்னும் ஏறும். ஒரு இளநீரிலேயே 500 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கலாம். வெயிலுக்கு எப்போதாவது ஒன்று என்பதை நான் தடுப்பதில்லை. "உடம்புக்குக் குளிர்ச்சி" என்று காலை ஒன்று, மாலை ஒன்று குடிக்கிறவர்களிடம்தான் கடைசியாக ரத்தப் பரிசோதனை எப்போது எடுத்தீர்கள் என்று கேட்பேன்.

வாப்பாவுக்கு வால்வு மாற்றியிருக்கிறது. கீரையே ஆகாதா?

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசெனோகூமராலோ ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும். அது வைட்டமின் கே-க்கு எதிராக வேலை செய்யும் மருந்து. முருங்கைக்கீரையில் வைட்டமின் கே நிறைய. அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டாம். ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டால் மருத்துவர் அதற்கேற்ப மாத்திரையை அமைத்துக்கொள்வார். ஒரு மாதம் கீரையே தொடாமல் இருந்துவிட்டு, யாரோ சொன்னார்கள் என்று தினம் ஒரு டம்ளர் கீரைச் சாறு ஆரம்பித்தால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பி.டி.-ஐ.என்.ஆர். அளவு சரிந்து வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். பூண்டு, இஞ்சி, மஞ்சள் குழம்பில் போடும் அளவுக்குப் பயமில்லை. அவற்றையே கேப்சூலாக, செறிந்த சாறாக எடுத்தால் ரத்தம் கசிவது கூடலாம். பல் தேய்க்கும்போது ரத்தம், காரணமில்லாமல் தோலில் கருநீலத் திட்டு, கறுத்த மலம் என்றால் காத்திருக்காமல் போய் ஐ.என்.ஆர். பாருங்கள்.

கால் வீக்கத்துக்கு மூக்கிரட்டை, நெருஞ்சில் நல்லதாமே?

இரண்டும் சிறுநீரைப் பெருக்கும் என்று சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படுகின்றன. நம் மணலில் தானாகவே முளைக்கும், காசும் இல்லை. ஆனால் கால் ஏன் வீங்கியது என்று தெரிந்தாக வேண்டும்: இதயமா, சிறுநீரகமா, கல்லீரலா, அல்லது பிரஷருக்குக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரையா? அம்லோடிபினால் வந்த வீக்கத்துக்கு எத்தனை நெருஞ்சில் குடித்தாலும் பெரிதாக வற்றாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மதியம் கருவாட்டுக் குழம்பு, தொட்டுக்கொள்ள ஊறுகாய், இரவு மூக்கிரட்டைக் கஷாயம் என்றால் கணக்கு நேராகாது. உப்பு போகும் இடத்துக்குத் தண்ணீர் போகும். நம் ஊரில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரே உப்பு. இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கஷாயத்தைவிடக் கருவாட்டைக் குறைப்பது அதிகம் உதவும். இதைச் சொன்னால்தான் கவுன்டரில் கோபம் வரும்!

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன் காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையுமா?

கரையாது. அடைப்பு என்பது குழாயின் சுவருக்குள் வருஷக்கணக்கில் சேர்ந்த கொழுப்பும் தழும்பும் சுண்ணாம்பும். குழாய்க்குள் ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை, கழுவி எடுப்பதற்கு. பூண்டு பிரஷரைச் சிறிதளவு குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு, அவ்வளவுதான். ஸ்டென்ட் வைத்தவர்கள் இந்தக் கலவையை நம்பி ஆஸ்பிரின், குளோபிடோக்ரலை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

செம்பருத்திப் பூ?

பிரஷர் குறைந்ததாக ஆய்வில் வந்த செம்பருத்தி, நம் வீட்டு வாசலில் பூப்பது அல்ல. அது புளிச்சக்கீரைச் செடி இனத்தின் சிவந்த புல்லிதழ். 2010-ல் வந்த ஒரு ஆய்வில் 65 பேர் ஆறு வாரம் தினம் மூன்று கப் அந்தத் தேநீரைக் குடித்ததில், மேல் அளவு சராசரியாக ஏழு புள்ளி இறங்கியது. வாசல் செம்பருத்திக்கு அந்த அளவு ஆதாரம் கிடையாது. குடித்தால் கெடுதல் என்று சொல்ல மாட்டேன். பிரஷர் மாத்திரைக்கு மாற்றாக வைக்காதீர்கள்.

கடல்பாசி இதயத்துக்கு நல்லதா?

எந்தப் பாசி? நோன்பு திறக்கும்போது கீழக்கரை வீடுகளில் பாலும் சீனியும் போட்டு உறைய வைக்கும் கடல்பாசி, பெரும்பாலும் நார்ப்பொருள். சீனியைத் தவிர அதில் பயப்பட எதுவும் இல்லை.

நம் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளின் ஓரம் மூழ்கி எடுக்கும் கட்டக்கோரை வேறு. அதைப் போன்ற பழுப்புப் பாசிகளில் அயோடின் அதிகம். பொடியாகவோ கேப்சூலாகவோ தினம் எடுத்தால் தைராய்டு நிலைகுலையலாம். தைராய்டு கூடினால் இதயம் படபடவென அடிக்கும், வயதானவர்களுக்குத் துடிப்பு ஒழுங்கே மாறிவிடும். மண்டபம் பக்கம் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியில் பொட்டாசியம் உப்பு மிகுதி. அதைப் பிழிந்து எடுக்கும் திரவம் பயிருக்கு உரம். "இயற்கைதானே" என்று யாராவது குடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பழுப்புப் பாசியிலுள்ள ஃபியூகாய்டன் ரத்தம் உறைவதைத் தடுப்பதாக ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி. இன்னும் மருந்தாகவில்லை.

அரளியும் மூலிகைதானே? அதைப் பற்றி ஏன் பயமுறுத்துகிறார்கள்?

மஞ்சள் அரளி, செவ்வரளி இரண்டிலும் இருப்பது டிகாக்சினுக்குச் சொந்தக்காரப் பொருள்கள். மஞ்சள் அரளியில் தெவெட்டின், செவ்வரளியில் ஓலியாண்ட்ரின். நம் மணல்மேட்டு எருக்கம்பாலிலும் இதே வகை உண்டு. எதையும் வீட்டில் அரைத்தோ காய்ச்சியோ மருந்தாக்கக் கூடாது. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் விஷத்தின் அளவு மாறும். அளந்து கொடுக்க வழியில்லை.

இதைப் பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு நமக்கு எதிர்க்கரையிலிருந்து வந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்திலும், பிறகு இலங்கை முழுவதும் அரளி விஷம் பெரிய மருத்துவப் பிரச்னையானது. அங்கே நடந்த ஆய்வில்தான், டிகாக்சினுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஊசி அரளி விஷத்தையும் முறிக்கும் என்று 2000-ல் லான்செட் இதழ் மூலம் தெளிவானது. அந்த ஊசி விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது.

குழந்தையோ பெரியவரோ அரளியை உட்கொண்டது தெரிந்தால், ஆள் தெளிவாகப் பேசினாலும் உடனே 108. முதலில் வாந்தி மட்டும் இருக்கும், நாடித்துடிப்பு பல மணி நேரம் கழித்தும் திடீரென விழலாம். ஈசிஜி மானிட்டரில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் ஊற்றி நேரத்தைக் கடத்த வேண்டாம். மனம் ஒடிந்து யாராவது இந்த எண்ணத்தில் இருப்பதாகத் தோன்றினால் 104 அல்லது 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

ஊமத்தை?

அரளிக்கு நேர் எதிர். அதிலுள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் துடிப்பை ஏற்றிவிடும், வாய் வறளும், ஆள் பிதற்றுவார். அரளி விஷத்தால் நாடி விழுந்தவருக்கு மருத்துவமனையில் அட்ரோபின் ஊசி போடுவார்கள். அதற்காக அரளிக்கு மாற்று ஊமத்தை என்று யாரும் வீட்டில் கணக்குப் போட வேண்டாம்.

விசைப்படகில் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போகிறேன். கஷாயத்தைக் கடலில் காய்ச்ச முடியாது, விட்டுவிடலாமா?

கஷாயத்தை விடலாம், மாத்திரையை விடக் கூடாது. நாள்களைக் கணக்குப் பண்ணி, இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்து, ஈரம் படாத டப்பாவில் மூடிவையுங்கள். சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், நடுக்கடல் வெயிலில் வியர்த்துக் கொட்டும் நாளிலோ வயிற்றுப்போக்கு வந்தாலோ அந்த மாத்திரையை என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். எழுந்தவுடன் தலை சுற்றிப் படகின் விளிம்பில் தடுமாறுவது கரையில் தடுமாறுவது மாதிரி இல்லை.

திடீர் நெஞ்சுவலிக்கு முதலில் என்ன கஷாயம் கொடுக்கலாம்?

எதுவும் கொடுக்காதீர்கள். நடு நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் வாயுவா, அட்டாக்கா என்று வீட்டில் பட்டிமன்றம் வேண்டாம். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரமே சுமார் 55 கிலோமீட்டர், மதுரை அதற்கும் வெகுதூரம். 2023-ல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் சேர்ந்த 14 மாத்திரைகளை முதல் டோசாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வழியிலுள்ள அந்த நிலையத்தைத் தாண்டி ஓடாதீர்கள்.

சித்த மருத்துவரிடம் போவதே தப்பா?

இல்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. படித்துப் பதிவு செய்த மருத்துவரிடம் உங்கள் ஆங்கில மருந்துச் சீட்டையும் எக்கோவையும் காட்டுங்கள். இதய மருத்துவரிடம் போகும்போது சூரண டப்பாவைக் காட்டுங்கள். திட்டுவார் என்று ஒளிப்பவர்களே அதிகம். திட்டினால் திட்டட்டும். சித்தத்தில் வசநாபி போன்ற விஷச் சரக்குகளை, விஷம் தணிய முறைப்படி சுத்தி செய்துதான் சேர்ப்பார்கள். சுத்தி குறைந்தால் அதிலுள்ள அகோனிட்டின் இதயத் துடிப்பையே குலைக்கும். அதனால் பெயர் ஒட்டாத புட்டி, "எல்லா நோய்க்கும் ஒரே மருந்து" என்று திருவிழாவில் விற்கும் உருண்டை, கொரியரில் வரும் பொடி ஆகிய மூன்றும் வேண்டாம். உரிம எண், தயாரித்த தேதி, உள்ளே என்னென்ன சரக்கு என்று அச்சடித்திருக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் எதை நிறுத்த வேண்டும்?

பூண்டு, இஞ்சி, மஞ்சள் கேப்சூல்களையும் எல்லாக் கஷாயங்களையும் பற்றி மயக்க மருந்து மருத்துவரிடம் குறைந்தது இரண்டு வாரம் முன்பே சொல்லுங்கள். பல் பிடுங்குவதற்கும் இது பொருந்தும். ஆஸ்பிரின், வார்ஃபரின் போன்றவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எந்தத் தேதியிலிருந்து எதை நிறுத்துவது என்று மருத்துவரிடம் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.